மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும்!

1972 ஜூன் மாதம் ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் ஓர் ஊர்வலம் போனது. ராணுவ வாகனத்தின் மேல் உற்சவமூர்த்தி போல எழுந்தருளியிருந்தது ஒரு பீப்பாய். அமேசான் காட்டில் கிளம்பி, ஆண்டிஸ் மலையைக் குழாய்வழியாகத் தாண்டி வந்த கச்சா எண்ணெயின் முதல் பீப்பாய் அது. தெருவோரம் நின்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து அந்தக் கறுப்புப் பிசுக்கில் விரலைத் தோய்த்துப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பீப்பாயை ராணுவக் கல்லூரியின் நினைவு மண்டபத்தில் வைத்துப் பாதுகாத்தார்கள். வாழைப்பழமும் கொக்கோவும் விற்றுப் பிழைத்த நாடு, நமக்கும் விடிந்துவிட்டது என்று நம்பிய நாள்.

51 வருடங்கள் கழித்து, 2023 ஆகஸ்ட் 20 அன்று, அதே நாட்டு மக்களிடம் ஒரு வாக்குச்சீட்டு நீட்டப்பட்டது. ‘ஐ.டி.டி. எனப்படும் 43ஆம் வட்டாரத்தின் கச்சா எண்ணெயை அரசு காலவரையின்றி நிலத்தடியிலேயே விட்டுவைக்கச் சம்மதமா?’ என்பதுதான் கேள்வி. 59 சதவீதம் பேர் ‘சம்மதம்’ என்றார்கள். அந்த நேரத்தில் அங்கே எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 50,000 பீப்பாய்க்கும் மேல். எடுக்கப்போகும் எண்ணெயை வேண்டாம் என்று சொல்வது ஒன்று. எடுத்துக்கொண்டிருக்கும் எண்ணெயை நிறுத்தச் சொல்வது வேறு. ஒரு தேசமே வாக்களித்து இப்படிச் சொன்னதற்கு முன்னுதாரணம் கிடையாது.

அதே நாளில்தான் அதிபர் தேர்தலின் முதல் சுற்றும் நடந்தது. பதினொரு நாள் முன்பு, ஊழலை அம்பலப்படுத்திவந்த வேட்பாளர் ஃபெர்னாண்டோ வில்லாவிசென்சியோ பிரசாரக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். போதைமருந்துக் கும்பல்களின் பிடியில் நாடு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த அச்சத்துக்கு நடுவில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள், முதலிடம் பிடித்த அதிபர் வேட்பாளருக்குக் கொடுத்தது சுமார் 33 சதவீதம். காட்டுக்குக் கொடுத்தது 59.

ஒரு ஹெக்டேரில் 655 வகை மரம்

43ஆம் வட்டாரம் இருக்கும் காட்டின் பெயர் யசுனி. ஈக்வடாரின் கிழக்கு ஓரத்தில், பெரு நாட்டின் எல்லையை ஒட்டி, கிட்டத்தட்ட 10 லட்சம் ஹெக்டேர். 1979இல் தேசியப் பூங்காவானது. 1989இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. நம் கணக்கில் இரண்டரை ஏக்கர்தான் ஒரு ஹெக்டேர். யசுனியில் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட அப்படியொரு துண்டு நிலத்தில் 655 வகை மரங்கள் இருந்தன. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தாலும் இத்தனை மர வகை தேறாது என்று அவர்கள் எழுதியதைப் படித்தபோது, ஏதோ அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

மரங்களோடு மனிதர்களும் இருக்கிறார்கள். வாவோரானி என்ற பழங்குடிகள் வெளியுலகத்தோடு பழக ஆரம்பித்தது 1950களின் பிற்பகுதியில், மிஷனரிகள் வழியாக. அவர்களின் உறவுக் கூட்டங்களான தகாயெரி, தாரோமெனானே ஆகிய இரண்டும் ‘உங்கள் சகவாசமே வேண்டாம்’ என்று இன்னும் உள்காட்டில் ஒதுங்கி வாழ்கின்றன. பாதையில் இரண்டு ஈட்டிகளைக் குறுக்காக நட்டு வைத்திருந்தால், இதற்கு மேல் வராதே என்று பொருள். அவர்களுக்காக 1999இல் அரசு ஒரு ‘தொடக்கூடாத பகுதி’யை அறிவித்தது. எண்ணெய் வட்டாரங்களும் அந்தப் பகுதியின் விளிம்பு வரை வந்து நிற்கின்றன.

எண்ணெய் எடுத்தால் காட்டுக்கு என்ன ஆகும் என்பதை ஈக்வடார் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. யசுனிக்கு வடக்கே லாகோ அக்ரியோ வட்டாரத்தில் டெக்சாகோ நிறுவனம் 1964 முதல் 1992 வரை இருந்தது. எண்ணெயோடு மேலே வரும் உப்பும் உலோகமும் கலந்த நீர் ஓடைகளில் விடப்பட்டது. கசடு நூற்றுக்கணக்கான திறந்த குழிகளில் கொட்டப்பட்டது. ஊர் மக்கள் போட்ட வழக்கில், டெக்சாகோவை வாங்கியிருந்த செவ்ரான் 950 கோடி டாலர் தர வேண்டும் என்று ஈக்வடார் நீதிமன்றங்கள் முடிவுசெய்தன. அந்தத் தீர்ப்பே மோசடி செய்து வாங்கப்பட்டது என்று 2014இல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. பின்னர் சர்வதேச நடுவர் தீர்ப்பாயமும் செவ்ரான் பக்கமே நின்றது. யார் பக்கம் நியாயம் என்று வழக்கறிஞர்கள் முப்பது வருடமாக வாதாடலாம். குழிகளைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு வரவில்லை என்பதில் மட்டும் வாதமில்லை.

குழாயைவிடக் கெடுதல் சாலை. எண்ணெய் லாரிக்காகப் போட்ட பாதையில் மரம் வெட்டுபவனும், நிலம் பிடிப்பவனும், வேட்டைக்காரனும் வருவான். யசுனிக்குள் ஒரு நிறுவனம் போட்ட சாலையின் முனையில், நாப்போ ஆற்றங்கரையில் இருக்கும் பொம்பேயா என்ற ஊரில் காட்டு இறைச்சிக்கென்றே சந்தை கூடியது. அதுவரை வீட்டுச் சட்டிக்காக வேட்டையாடியவர்கள் விற்பனைக்காக வேட்டையாடத் தொடங்கினார்கள்.

நூறு ரூபாய் கேட்டால் 37 காசு

2007இல் அதிபர் ரஃபேல் கொரெயா ஐ.நா. பொதுச்சபையில் ஒரு வினோத யோசனையை வைத்தார். ‘இஷ்பிங்கோ, தம்போகோச்சா, திபுதினி’ என்ற மூன்று வயல்களில் (ஐ.டி.டி. என்பது இவற்றின் முதலெழுத்துகள்) சுமார் 84.6 கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கிறது. அதை நாங்கள் தொடாமல் விட்டுவிடுகிறோம். எங்களுக்கு வரக்கூடிய வருமானத்தில் பாதியை, அதாவது 13 வருடங்களில் 360 கோடி டாலரை, உலக நாடுகள் தரட்டும். மீதிப் பாதி எங்கள் நஷ்டமாக இருக்கட்டும். காற்றில் கலக்காமல் போகும் கரியமில வாயு 40 கோடி டன்னுக்கு மேல். கொரெயாவின் சொந்த மூளையில் உதித்த யோசனை அல்ல இது. சூழல் இயக்கங்கள் பல வருடங்களாகப் பேசிவந்ததை, அன்று எரிசக்தி அமைச்சராக இருந்த பொருளாதார அறிஞர் அல்பெர்த்தோ அகோஸ்தா அரசுக்குள் கொண்டுவந்தார். எண்ணெய் அமைச்சரே எண்ணெயை எடுக்காதே என்று சொன்ன அதிசயம் அது.

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மேற்பார்வையில் 2010இல் அறக்கட்டளை நிதியும் தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் நாடாளுமன்றம் ஆரம்பத்தில் ஆர்வம் காட்டியது. பிறகு வந்த அமைச்சர், ஒன்றைச் செய்யாமலிருப்பதற்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைக்க முடியாது என்று கையை விரித்தார். 2013 ஆகஸ்ட் 15 அன்று கொரெயா தொலைக்காட்சியில் தோன்றி, உலகம் எங்களைக் கைவிட்டுவிட்டது என்று அறிவித்தபோது நிதியில் உண்மையில் வந்து சேர்ந்திருந்தது 1.33 கோடி டாலர். நூறு ரூபாய் கேட்ட இடத்தில் 37 காசு.

பணக்கார நாடுகளைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். உலகம் அன்று குடித்த வேகத்தில் அந்த 84.6 கோடி பீப்பாய் பத்து நாளைக்குக்கூடக் காணாது. அந்தப் பத்து நாள் எண்ணெயை விட்டுக்கொடுக்கும் செலவில் பாதியைக்கூட ஏற்க மனமில்லாதவர்கள்தாம் மாநாட்டுக்கு மாநாடு காட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் கொரெயாவும் சுத்தமில்லை. ஒரு கையில் உண்டியலைக் குலுக்கிக்கொண்டே, பணம் வராவிட்டால் தோண்டுவோம் என்ற ‘இரண்டாம் திட்ட’த்தை மறுகையில் தயாராக வைத்திருந்தார். சீனாவிடம் வாங்கிய கடன்களுக்கு எண்ணெயாகவே திருப்பிக் கட்டும் ஒப்பந்தங்கள் ஏற்கெனவே நாட்டின் கழுத்தில் இருந்தன. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எவன் பணம் போடுவான்?

இதில் ஒரு முரண் உண்டு. உலகிலேயே முதன்முதலாக இயற்கைக்குச் சட்ட உரிமை கொடுத்த அரசியல் சாசனம் ஈக்வடாருடையது. 2008இல் அதே கொரெயாவின் காலத்தில், அகோஸ்தா தலைவராக இருந்த அரசியல் நிர்ணய சபை எழுதியது. தனித்து வாழும் மக்களின் நிலத்தில் எந்தத் தோண்டலும் கூடாது என்றும் அது சொல்கிறது. தேசியப் பூங்காக்களில் எண்ணெய் எடுக்கக் கூடாது என்று 407ஆம் பிரிவு தடுக்கிறது. தேசிய நலன் என்று அதிபர் கேட்டு, நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால் எடுக்கலாம் என்று அதே பிரிவு ஒரு சந்துவழியையும் திறந்து வைத்திருக்கிறது. தேவைப்பட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. நாடாளுமன்றம் 2013 அக்டோபரில் சந்து வழியாகப் போனது. இளைஞர்கள் சிலர் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

கையெழுத்து, காகிதம், பத்து வருடம்

‘யசுனிதோஸ்’ என்று அவர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கட்சி கிடையாது, காசு கிடையாது. வாக்கெடுப்பு கோர வாக்காளர்களில் 5 சதவீதம் பேரின் கையெழுத்து வேண்டும், ஏறக்குறைய 5.8 லட்சம். மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் கல்லூரி வாசலிலும் உட்கார்ந்தார்கள். ஆறே மாதத்தில் ஏழரை லட்சத்தைத் தாண்டினார்கள். 2014 ஏப்ரலில் பெட்டி பெட்டியாகத் தேர்தல் ஆணையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஆணையம் பாதிக்கு மேல் செல்லாது என்றது. காகிதம் சரியில்லை, விவரம் சரியில்லை, கையெழுத்து பொருந்தவில்லை. அலுவலகத்துக்கு மனுவோடு போய், ‘இந்த ஃபார்ம் இல்லை, அந்த ஃபார்ம்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட எந்தத் தமிழருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டாம். 2016இல் திபுதினியில் தோண்டல் தொடங்கியது. பிள்ளைகள் விடவில்லை, நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார்கள். அவர்களுடைய உரிமை பறிக்கப்பட்டது உண்மைதான் என்று ஒருவழியாக ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் வாக்கெடுப்புக்கு அனுமதி கொடுத்தபோது, மேசை போட்ட மாணவர்கள் முப்பது வயதைத் தாண்டியிருந்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் காட்டுக்குள்ளிருந்தும் குரல் வலுத்தது. பஸ்தாசா மாகாணத்தில் தங்கள் நிலத்தை எண்ணெய் ஏலத்தில் விட முயன்ற அரசை எதிர்த்து வாவோரானி மக்கள் 2019 ஏப்ரலில் வழக்கு வென்றார்கள். ஏலத்திலிருந்து தப்பியது ஐந்து லட்சம் ஏக்கர். அதை முன்னின்று நடத்திய நெமோன்தே நென்கிமோவுக்கு அடுத்த வருடம் கோல்ட்மன் சூழல் விருது கிடைத்தது. 2021இல் குவென்கா நகர மக்கள், தங்கள் ஆறுகள் பிறக்கும் இடத்தில் சுரங்கம் வேண்டாம் என்று 80 சதவீதத்தில் வாக்களித்தார்கள். யசுனி வாக்கெடுப்பு நடந்த அதே நாளில் கீட்டோவாசிகளும் தங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள சோக்கோ அந்தினோ காட்டில் சுரங்கத்துக்குத் தடை போட்டார்கள். 2023இன் 59 சதவீதம் வானத்திலிருந்து விழவில்லை.

அங்கேயே இருப்பவர்கள் சொன்னது

வெற்றிக் கதையை இங்கேயே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் வாக்குகளை மாகாணவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு முள் தைக்கிறது. யசுனி பெரும்பகுதி இருக்கும் ஒரெயானாவிலும், பக்கத்து எண்ணெய் மாகாணமான சுக்கும்பியோஸிலும் ‘சம்மதமில்லை’ என்பதே வென்றது. காட்டைக் காப்பாற்றியது கீட்டோ, குவென்கா போன்ற மலை நகரங்களின் வாக்கு.

‘பார்த்தீர்களா, உள்ளூர்க்காரர்களே எண்ணெயைத்தான் கேட்கிறார்கள்’ என்று எண்ணெய்க்காரர்கள் சொல்லிக்காட்டினார்கள். அதை அப்படியே ஏற்க மாட்டேன். அலட்சியமாகத் தள்ளவும் முடியாது. அந்த ஊர்களில் கூலி என்றால் எண்ணெய் நிறுவனத்தின் கூலி. மோட்டார் படகுக்கு டீசல், ஊருக்கு ஒரு வகுப்பறை, அவசரத்துக்கு ஒரு மருத்துவ உதவி எல்லாம் நிறுவனத்தின் கையால் வருகின்றன. அரசு அரை நூற்றாண்டாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பீப்பாயிலும் அமேசான் மாகாணங்களுக்கு ஒரு பங்கு போகிறது. பீப்பாய் நின்றால் அதுவும் நிற்கும். கீட்டோவில் காப்பிக்கடையில் உட்கார்ந்து ‘சம்மதம்’ என்று சொல்பவருக்கு அந்தக் கவலை கிடையாது.

இங்கே நியம்கிரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. யசுனித் திட்டத்தைக் கைவிட்டதாகக் கொரெயா அறிவித்த நாலு நாளில், 2013 ஆகஸ்ட் 19 அன்று, ஒடிசாவின் நியம்கிரி மலையில் பன்னிரண்டாவது கிராம சபை கூடி பாக்சைட் சுரங்கத்துக்கு ‘முடியாது’ என்றது. உச்ச நீதிமன்றம் மலைவாழ் டோங்கிரியா கோந்து மக்களிடமே கேட்கச் சொன்னது. கேட்ட பன்னிரண்டு ஊரும் மறுத்தன. அங்கே மலையில் வாழ்பவர்கள் மட்டும் தீர்மானித்தார்கள். ஈக்வடாரில் தேசமே தீர்மானித்தது. எது சரி? மலையைத் தெய்வமாகக் கும்பிட்டு, அதை நம்பியே பிழைப்பவர்களிடம் முடிவை விடுவதுதான் எனக்கு உசிதமாகப் படுகிறது. ஆனால் பிழைப்பே நிறுவனத்தின் கைக்குப் போய்விட்ட ஊரில் அந்த விதி தடுமாறும். அப்படிப்பட்ட ஊரை, நீங்கள் தியாகம் செய்யுங்கள் என்று சொல்வதற்கு முன் மாற்றுப் பிழைப்புக்கு வழி சொல்ல வேண்டும். யசுனிதோஸ் சொன்ன வழி, பெரும் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் வரிச்சலுகைகளை நிறுத்தினாலே எண்ணெய் வருமானத்தை ஈடுகட்டலாம் என்பது. வாக்கெடுப்பு முடிந்தபின் அதைப் பற்றி எந்த அரசும் வாய் திறக்கவில்லை.

மூடுவது யார்?

ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கெடு. புதிய அதிபர் டேனியல் நோபோவா பிரசாரத்தின்போது யசுனி பக்கம் நின்றவர். பதவிக்கு வந்த இரண்டே மாதத்தில், கும்பல்களோடு போர் நடக்கிறது, பணம் வேண்டும், ஒரு வருடம் தள்ளிப்போடலாமா என்று பேச ஆரம்பித்தார். வருடத்துக்குச் சுமார் 120 கோடி டாலர் இழப்பு என்பது அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோஈக்வடாரின் கணக்கு. வாக்கெடுப்பு நடந்து ஒரு வருடம் கழிந்தபின், 2024 ஆகஸ்ட் 28 அன்று முதல் கிணறு மூடப்பட்டது. மொத்தக் கிணறுகள் 247.

அரசின் இக்கட்டு பொய்யில்லை. ஈக்வடார் 2000இல் சொந்த நாணயத்தைக் கைவிட்டு டாலருக்கு மாறிய நாடு. கையில் காசில்லை என்றால் அச்சடித்துக்கொள்ள முடியாது. எதையாவது விற்றுத்தான் டாலர் கொண்டுவர வேண்டும். எண்ணெய், வாழைப்பழம், பூ, இறால், வெளிநாடு போன பிள்ளைகள் அனுப்பும் பணம். இறாலில் இன்று உலகிலேயே முதல் ஏற்றுமதியாளர் ஈக்வடார்தான்; அதற்காக அழிந்த சதுப்புநிலக் காடுகளின் கதை தனி. (நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு அதையும் விளக்க வேண்டாம்.) எண்ணெயை விட்டு இறாலுக்கும், இறாலை விட்டுத் தங்கச் சுரங்கத்துக்கும் தாவுவதற்குப் பெயர் மாற்றுப் பொருளாதாரம் இல்லை. ஏலம்விடும் சரக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இந்த முடிச்சை அவிழ்க்காமல் வெளியிலிருந்து கைதட்டுவதில் பயனில்லை. கடன் கொடுத்தவர்கள் கடனைத் தள்ளி, காட்டுக்கு ஈடாக எழுதிக்கொள்ள முன்வந்தால் முடிச்சு கொஞ்சம் இளகும். 2007இல் கேட்ட பணத்தை இன்று அந்த வகையிலாவது கொடுக்கலாம்.

ஆனால் தீர்ப்பை நிறைவேற்றாமல் இழுத்தடிப்பதற்குப் பணக்கஷ்டம் மட்டுமே காரணம் என்று நம்பவும் என்னால் முடியவில்லை. இன்னொரு வழக்கைப் பாருங்கள். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் எரிவாயுவை இரவும் பகலும் திறந்தவெளியில் எரிக்கும் தீக்கம்பங்கள் தங்கள் வீட்டருகே வேண்டாம் என்று அமேசான் பகுதியைச் சேர்ந்த ஒன்பது சிறுமிகள் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜனவரியில் வென்றார்கள். ஊர்களுக்கு அருகிலுள்ளவற்றைப் பதினெட்டு மாதத்தில் அணைக்க வேண்டும் என்று உத்தரவு. கெடு போன பிறகும் தீ எரிந்தது. சட்டம் வரும், பழையது ஓடிக்கொண்டே இருக்கும். காவிரி டெல்டாவுக்கு இது புதிதா? 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை.

2025 மார்ச்சில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தகாயெரி, தாரோமெனானே மக்களின் வழக்கில் உரிமை மீறலுக்கு ஈக்வடார் அரசே பொறுப்பு என்றது. ஒதுங்கி வாழும் மக்களுக்காக அந்த நீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்பு அது; வாக்கெடுப்பின் முடிவை நிறைவேற்று என்றும் அதில் சொல்லியிருக்கிறது. நோபோவா அதே வருடம் ஜூலையில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தை எரிசக்தி அமைச்சகத்தோடு சேர்த்துவிட்டார். பாலையும் பூனையையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டியதுபோல. நவம்பரில் புதிய அரசியல் சாசனம் எழுதலாமா என்று மக்களிடம் கேட்டார். இயற்கைக்கு உரிமை கொடுத்த 2008ஆம் வருடச் சாசனத்தை மாற்ற விருப்பமில்லை என்று அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொல்லிவிட்டார்கள்.

கேட்கும்போதெல்லாம் மக்கள் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யசுனியின் கிணறுகளை மூட அரசு தனக்குத்தானே வகுத்துக்கொண்ட கால அட்டவணை ஐந்து வருடத்துக்கும் மேல். அதன்படிப் பார்த்தாலும் கடைசிக் கிணற்றுக்கு மூடி போட வேண்டிய ஆண்டு 2029.